சர்வீஸை முதல் வாரமே சொல்லிக்கொடுங்கள்: பிள்ளைகளுக்கு டேபிள் டென்னிஸ் (டிடி) கற்றுத்தருகிறவர்களுக்கு

மாலை ஐந்தரை மணிக்கு நம் ஊர் டிடி ஹால் எதற்குள்ளாவது நுழைந்து பாருங்கள், பெரும்பாலும் ஒரே காட்சிதான். எதிரும் புதிருமாக இரண்டு பிள்ளைகள், ஃபோர்ஹேண்டுக்கு ஃபோர்ஹேண்ட், டொக் டொக் என்று பந்து போய்ப் போய் வரும், கோச் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருப்பார், ஐம்பதைத் தாண்டினால் "வெரி குட்". பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதே பிள்ளை ஞாயிற்றுக்கிழமை டோர்னமெண்டுக்குப் போய் 11-4, 11-3, 11-5 என்று முதல் ரவுண்டிலேயே தோற்றுவிட்டு வரும். ஸ்கோரை விடுங்கள், ஒவ்வொரு பாயிண்டும் எப்படிப் போனது என்று ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். எதிராளியின் சர்வீஸை நெட்டில் அடித்தது, உயரமாகத் தூக்கிக் கொடுத்து ஸ்மாஷ் வாங்கியது, தன் சர்வீஸையே டேபிளுக்கு வெளியே போட்டது, இப்படித்தான் பாதிக்கு மேல் போயிருக்கும். ஐம்பது ராலி ஆடத் தெரிந்த பிள்ளைதான், ஆனால் அந்த ராலி தொடங்கவே இல்லை.

2001க்கு முன்பு ஒரு செட் 21 பாயிண்ட், ஆளுக்கு ஐந்தைந்து சர்வீஸ். எதிராளியின் சர்வீஸ் முதலில் புரியாவிட்டாலும் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொள்ள நேரம் இருந்தது. இப்போது 11 பாயிண்ட், இரண்டிரண்டு சர்வீஸ். நான்கு சர்வீஸ் பிடிபடவில்லை என்றால் செட்டே கையை விட்டுப் போய்விடும். அப்படியிருந்தும் பல இடங்களில் சர்வீஸுக்குக் கிடைப்பது கடைசிப் பத்து நிமிஷம், அதுவும் "எல்லாரும் சர்வீஸ் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க" என்ற கணக்கில்.

நானும் முதல் இரண்டு வருஷம் அப்படித்தான் நடத்தினேன். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, நல்ல ஃபோர்ஹேண்ட், எட்டு மாதமாக என்னிடம் ஆடுகிறாள், ஒரு மேட்ச் தோற்றுவிட்டு வந்து கேட்டாள்: "சார், அந்த அக்கா போட்ட பந்து மட்டும் ஏன் என் பேட்ல பட்டதும் கீழே விழுது?" எட்டு மாதத்தில் நான் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய முதல் விஷயம் அதுதான். அன்றைக்குப் பிறகு வரிசையையே மாற்றிவிட்டேன். இப்போது என்னிடம் வரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே பந்தைச் சுழற்றப் பழகுகிறார்கள், முதல் மாதத்தில் சர்வீஸ் போடவும் வாங்கவும் தொடங்குகிறார்கள், ஸ்ட்ரோக் அதோடு சேர்ந்து வருகிறது. அதை எப்படிச் செய்வது என்றுதான் எழுதுகிறேன். பெரிய அகாடமிக்கு இது தேவைப்படாது. ஒரு டேபிளோ இரண்டு டேபிளோ வைத்துக்கொண்டு பள்ளியிலோ அபார்ட்மெண்ட் கிளப் ஹவுஸிலோ பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைச் சமாளிப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் பேட்

விளையாட்டுச் சாமான் கடையில் இரண்டு பேட், மூன்று பந்து சேர்த்து ஒரு கவரில் தொங்குமே, அந்த பேட்டில் சர்வீஸ் கற்றுத்தர முடியாது. அதன் ரப்பர் பந்தைப் பிடிக்காது, வழுக்கிவிடும். பிள்ளை எவ்வளவு சரியாகக் கையை ஓட்டினாலும் பந்து சுழலாது, தனக்கு வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். சோதிப்பது எளிது. பேட்டைப் படுக்கையாக வைத்து, பந்தை ரப்பரின் மேல் உள்ளங்கையால் லேசாக அழுத்தி நகர்த்திப் பாருங்கள். நல்ல ரப்பர் என்றால் பந்து ஒட்டிக்கொண்டு உருளும், வழுக்கிச் சறுக்கினால் அது ஆகாது.

எதிர்ப்பக்கத் தவறும் நிறைய நடக்கிறது. ஆர்வமுள்ள அப்பா, வீடியோவில் பெரிய ஆட்டக்காரர்கள் போட்டிருக்கும் வேகமான ரப்பரையே வாங்கி ஒட்டிக் கொண்டுவருவார். அந்த ரப்பரில் பந்து தொட்டவுடன் பறக்கும், பிள்ளை பயந்துபோய் கையைப் பாதியிலேயே நிறுத்தப் பழகும், அப்புறம் அந்தப் பாதிக் கையை முழுக் கையாக மாற்ற ஒரு வருஷம் ஆகும். ஆல்ரவுண்ட் வகை ஐந்து அடுக்கு மரக்கட்டை, இரண்டு பக்கமும் சாதாரண ப்ளெயின் ரப்பர், ரப்பருக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் 1.8 அல்லது 2 மில்லிமீட்டர், தொடங்குகிற பிள்ளைக்கு அது போதும். ஆடி முடித்ததும் ஈரத்துணியால் துடைத்து உறையில் போடச் சொல்லுங்கள். தூசி படிந்த ரப்பர் நாளடைவில் அந்தக் கடை பேட் மாதிரியே ஆகிவிடும். எல்லாருக்கும் நல்ல பேட் வாங்க வழியில்லை என்றால் நல்லதாக நாலே நாலு வாங்கி, சர்வீஸ் நேரத்தில் மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

டேபிளையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பள்ளிக்கூடத்து டேபிள்கள் மழையில் நனைந்து ஊறி ஆங்காங்கே செத்துக் கிடக்கும். பிள்ளைகளின் 30 சென்டிமீட்டர் ஸ்கேலை டேபிளில் செங்குத்தாக நிறுத்தி, அதன் உச்சியிலிருந்து பந்தை விடுங்கள். கிட்டத்தட்ட 23 வரை எழும்ப வேண்டும், விதியும் அதைத்தான் சொல்கிறது. எழும்பாத இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டால், பந்து அங்கே விழுந்து செத்ததற்குப் பிள்ளை தன்னைக் குறை சொல்லிக்கொள்ளாது.

தரையில் உட்கார்ந்து தொடங்குங்கள்

முதல் வாரம் சர்வீஸுக்கு டேபிளே வேண்டாம். பிள்ளைகளைத் தரையில் வரிசையாக முழங்காலிட்டு உட்கார வையுங்கள், ஆளுக்கு ஒரு பேட், ஒரு பந்து. பந்தில் பாதியை மார்க்கர் பேனாவால் கறுப்படித்துவிடுங்கள், அப்போதுதான் சுழல்வது கண்ணுக்குத் தெரியும். பந்தை மேலே போட்டு, இறங்கும்போது அதன் அடிப்பாகத்தை பேட்டால் முன்னோக்கிச் சீவ வேண்டும். பந்து இரண்டு மீட்டர் முன்னால் போய், தரையில் பட்டுத் தயங்கி, திரும்பி அவர்களிடமே உருண்டு வர வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. யாருடைய பந்து திரும்பி மடிக்கே வந்து சேர்கிறது என்று போட்டி வைத்தால் முக்கால் மணி நேரம் சலிக்காமல் செய்வார்கள்.

இங்கே கோச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: அடிக்காதே, சீவு. மாங்காய்த் தோல் சீவும்போது கத்தி சதைக்குள் இறங்காமல் மேலாக ஓடுமே, அப்படி. பேட் பந்துக்குள் போகக் கூடாது, பந்தின் தோலை மட்டும் எடுக்க வேண்டும். சரியாக வருகிறதா என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். "டொக்" என்று கேட்டால் அடித்திருக்கிறார்கள். சீவினால் சத்தம் அடங்கி, உரசுகிற மாதிரி மெல்லியதாகத்தான் கேட்கும். நான் சில நேரம் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு சத்தத்தை மட்டும் வைத்து "இது சரி, இது இல்லை" என்று சொல்வேன். இரண்டு நாளில் பிள்ளைகளே ஒருவருக்கொருவர் அப்படிச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

இன்னொரு விஷயம், பிடி. ராலியில் பேட்டைப் பிடிப்பது போல ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு திரும்பாது. சர்வீஸுக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பேட்டின் கழுத்தைப் பிடித்துக்கொள்ள, மற்ற மூன்று விரல்களையும் தளர்த்திவிடச் சொல்லுங்கள். முதலில் பேட் கையிலிருந்து பறக்கும். சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டால் பயமில்லை.

டேபிளுக்கு வந்த பிறகு

விதியை முதல் நாளே பழக்கிவிடுங்கள், பிறகு திருத்துவது பெரிய பாடு. பந்து விரித்த உள்ளங்கையில் இருக்க வேண்டும், விரல்களால் பிடித்திருக்கக் கூடாது. சுழற்றாமல் நேர் மேலே, குறைந்தது 16 சென்டிமீட்டர் போட வேண்டும். நெட் 15.25 சென்டிமீட்டர், அதனால் "நெட் உயரத்துக்கு மேலே போடு" என்று சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். இறங்கும்போதுதான் தொட வேண்டும். டேபிளின் பின்கோட்டுக்கு வெளியே, டேபிள் மட்டத்துக்கு மேலே பந்து இருக்க வேண்டும். பந்தைப் போட்ட கை உடனே விலகிவிட வேண்டும், எதிராளிக்குப் பந்து மறையக் கூடாது. உடம்பாலோ கையாலோ மறைத்துப் போடுவது 2002லிருந்து கிடையாது. கையிலிருந்து நேரே அடிக்கும் சர்வீஸை ஹாலில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், அதற்கு டோர்னமெண்டில் அம்பயர் ஃபால்ட் கொடுக்கும்போது பிள்ளை அழுதுகொண்டு உங்களைத்தான் பார்க்கும்.

முதல் சர்வீஸ், குட்டையான பேக்ஸ்பின், அதாவது பின்னோக்கிச் சுழலும் பந்து, நம் ஹால் பாஷையில் கட். குட்டை என்றால், எதிராளி தொடாமல் விட்டால் அவர் பக்கம் இரண்டு தடவை குத்த வேண்டும். இது வருவதும் வராததும் இரண்டு விஷயத்தைப் பொறுத்தது. ஒன்று, நம் பக்கம் பந்து முதலில் எங்கே விழுகிறது. பின்கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தால் பந்து நீளமாகப் போய்விடும், நெட்டை நோக்கித் தள்ளி விழுந்தால்தான் குட்டையாக நிற்கும். அந்த இடத்தில் பழைய நோட்டுத் தாள் ஒன்றை ஒட்டிவைத்து அதில் விழச் செய்யுங்கள். இரண்டாவது, எவ்வளவு உயரத்தில் பந்தைத் தொடுகிறோம். தோள் உயரத்தில் தொட்டால் பந்து துள்ளும், நெட் உயரத்துக்கோ அதற்கும் கீழேயோ இறங்கவிட்டுத் தொட வேண்டும். நெட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், இரண்டு பக்கமும் குச்சி நிறுத்தி நூல் கட்டுங்கள், பந்து நெட்டுக்கும் நூலுக்கும் நடுவில் போக வேண்டும். பேச்சே தேவையில்லை, நூலே சொல்லிக்கொடுத்துவிடும்.

இது ஓரளவு வந்த பிறகு, அதே கை அசைவில் சுழலே இல்லாத சர்வீஸ், எங்கள் பாஷையில் "சும்மா". பார்க்க கட் மாதிரியே இருக்கும், பந்தில் ஒன்றும் இருக்காது. பேட்டின் நுனியில் பட்டால் சுழல் அதிகம், பிடிக்குப் பக்கத்தில் பட்டால் குறைவு, ஏனென்றால் மணிக்கட்டு திரும்பும்போது நுனிதான் வேகமாக ஓடும். பிள்ளைகள் இதைக் கேட்டதும் கண் விரியப் பார்ப்பார்கள், ஒரே அசைவில் இரண்டு பந்து என்பது அவர்களுக்கு மந்திர வித்தை மாதிரி. என் அனுபவத்தில் பதினொரு வயதுக்குக் கீழே இந்த ஒரு ஜோடி சர்வீஸே நிறைய மேட்ச் ஜெயித்துக் கொடுத்துவிடும்.

மூன்றாவது, ஓரத்துக்கு ஓடுகிற வேகமான நீள சர்வீஸ், இதற்குப் பந்து நம் பின்கோட்டுக்குப் பக்கத்திலேயே விழ வேண்டும். எதிராளி குட்டைக்காக உள்ளே சாய்ந்திருக்கும்போது இது ஒன்று போனால் போதும், அதனால் எப்போதாவதுதான். பெண்டுலம், ரிவர்ஸ் பெண்டுலம் என்று பந்து பக்கவாட்டில் சுழலும் சைடு ஸ்பின் வகைகளுக்கு அவசரப்படாதீர்கள். வீடியோ பார்த்துவிட்டு அதைத்தான் முதலில் கேட்பார்கள். "கட்டும் சும்மாவும் பத்துக்கு எட்டு சரியாக விழட்டும், அப்புறம்" என்று சொல்லிவிடுங்கள்.

சர்வீஸை வாங்குவது

சர்வீஸ் போடப் போட, பாதி ரிசீவ் தானாக வந்துவிடும், ஏனென்றால் தான் சீவிய பந்து என்ன செய்யும் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. மீதிப் பாதியை மூன்று படியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் படியில் பேட்டே கிடையாது. எதிரே ஒருவர் சர்வீஸ் போட, வாங்குகிறவர் வெறும் கையோடு நின்று, பந்து நெட்டைத் தாண்டுவதற்குள் "கட்", "டாப்", "சைடு", "சும்மா" என்று கத்த வேண்டும் (டாப் என்றால் முன்னோக்கிச் சுழலும் பந்து). பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தாமதமாகிவிடும், பந்தைத் தொடுகிற நொடியில் பேட் எந்தத் திசையில் ஓடியது என்பதைத்தான் பார்க்க வேண்டும். தொட்ட பிறகு கையை எப்படி வீசினாலும் அது நாடகம். அதற்கு ஏமாறாமல் இருக்கப் பழகுவதுதான் இந்தப் பயிற்சி.

இரண்டாவது படியில் பேட் உண்டு, ஆனால் அடிக்கக் கூடாது. பேட்டை நேராக நிறுத்திவைத்துப் பந்தை அதன் மேல் மோதவிட்டு, எங்கே போகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். கட் பந்து கீழே நெட்டுக்குள் விழும். டாப் ஸ்பின் மேலே எகிறும். சைடு ஸ்பின் ஒரு பக்கமாக ஓடும். அந்த ஒன்பது வயதுப் பெண்ணை நான் இப்படித்தான் நிறுத்திவைத்தேன். பத்துப் பதினைந்து பந்து அசையாமல் வாங்கினாள், பிறகு என்னைக் கேட்காமலே பேட்டின் முகத்தைக் கொஞ்சம் வானத்தைப் பார்க்கத் திறந்தாள், பந்து நெட்டைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் விழுந்தது. "ஓ" என்றாள். அந்த "ஓ" வந்த பிறகுதான் புஷ், அதாவது கட் பந்தை பேட்டைத் திறந்து மெல்லத் தள்ளித் திருப்புவதை, சொல்லிக்கொடுக்க வேண்டும், அதற்கு முன்னால் சொன்னால் அது வெறும் கை அசைவாகத்தான் இருக்கும்.

சைடு ஸ்பினுக்கு ஒரு கணக்கு உண்டு, பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். எதிராளியின் பேட் எந்தப் பக்கத்திலிருந்து புறப்பட்டதோ அந்தப் பக்கத்தை நோக்கித் திருப்பி அனுப்பு. அவர் பேட் அவருடைய வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் ஓடியது என்றால், உன் பேட்டில் பட்டதும் பந்து அவருடைய இடப்பக்கம் தப்பி ஓடப் பார்க்கும், ஆகவே நீ அவருடைய வலப்பக்கத்தைக் குறிவை, பந்து டேபிளுக்குள் வந்துவிடும்.

மூன்றாவது படி, புஷ். பந்து குத்தி எழும்போதே, உச்சிக்கு வருவதற்கு முன், உள்ளே போய்த் தொட வேண்டும். பிள்ளைகள் எல்லாரும் பின்னால் நின்று கையை மட்டும் நீட்டுவார்கள். வலக்கை ஆட்டக்காரர் என்றால் வலக்கால் டேபிளுக்கு அடியில் போக வேண்டும், தொட்டவுடன் அதே வேகத்தில் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே போவதை எல்லாரும் சொல்லிக்கொடுக்கிறோம், வெளியே வருவதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். அடுத்த பந்து நீளமாக வந்து வயிற்றில் இடிக்கும்போதுதான் நினைவு வரும்.

ஒரு டேபிள், பன்னிரண்டு பிள்ளைகள்

ராலி ஆடவிட்டால் ஒரு டேபிளில் ஒரு நேரத்தில் இரண்டு பேர், இழுத்துப் பிடித்தால் நான்கு பேர், மற்றவர்கள் சுவரில் சாய்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். சர்வீஸை முன்னால் கொண்டுவந்ததில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதில்தான். ஒரு முனையில் இரண்டு பேர் போடுகிறார்கள், மறுமுனையில் இரண்டு பேர் வாங்குகிறார்கள், ஆளுக்குப் பாதி டேபிள். நான்கு பேர் பக்கத்தில் தரையில் சீவிப் பழகுகிறார்கள். மிச்சம் நான்கு பேர் ஸ்கிப்பிங், ஷேடோ (பந்தில்லாமல் அடித்துப் பழகுவது), கால் வேலை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இடம் மாறுகிறார்கள். யாரும் சும்மா நிற்பதில்லை.

கடைசி அரை மணி நேரம் மல்டிபால். நூறு பந்து இருந்தால் நல்லது, ஐம்பது இருந்தாலும் ஓட்டலாம், இதற்குப் போட்டித் தர மூன்று நட்சத்திரப் பந்து தேவையில்லை. பக்கெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோச் அடுத்தடுத்துப் பந்து போடுவார், ஒரு பிள்ளைக்கு இருபது பந்து, பிறகு அடுத்த பிள்ளை. இங்கேயும் பலர் ஒரே இடத்துக்கு ஒரே வேகத்தில் போட்டுக்கொண்டே இருப்பார்கள், மெஷின் மாதிரி. நான் இப்படிச் செய்கிறேன்: பிள்ளை முதலில் நிஜமாகவே ஒரு கட் சர்வீஸ் போட வேண்டும், அதைத் தொடர்ந்து அதற்கு வரக்கூடிய பதிலை, அதாவது ஒரு நீளப் புஷ்ஷை, நான் பக்கெட்டிலிருந்து போடுவேன், அதை டாப் ஸ்பின்னாகத் தூக்க வேண்டும். சர்வீஸ், பதில், மூன்றாவது பந்தில் தாக்குதல். தேர்ட் பால் அட்டாக் என்று பெரிய ஆட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான், ஒன்பது வயதில் தொடங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. எட்டுப் பந்துக்கு மேல் தொடர்ந்து தவறினால் நீங்கள் போடுகிற வேகம் அதிகம் என்று அர்த்தம், பிள்ளையைத் திட்டாமல் வேகத்தைக் குறையுங்கள்.

ஸ்ட்ரோக்கைப் பற்றிச் சுருக்கமாக. ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட் எல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தினமும் இருபது நிமிஷம் அதற்குத்தான். ஆனால் நின்ற இடத்தில் ஐம்பது என்பதற்குப் பதிலாக, ஒன்று ஃபோர்ஹேண்ட் மூலைக்கு, ஒன்று நடுவுக்கு என்று காலை நகர்த்தி இருபது ஆடச் சொல்லுங்கள். டேபிள் 76 சென்டிமீட்டர் உயரம், ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நெஞ்சளவு வரும். ஒரு அகலமான பலகை மேல் நிறுத்தினால் தோளைத் தூக்கி அடிக்கும் கெட்ட பழக்கம் வராமல் இருக்கும். நகரத் தொடங்கியதும் பலகையை எடுத்துவிடுங்கள்.

புரியாத ரப்பர்

ஆறு மாதம் தாண்டினால் டோர்னமெண்டில் லாங் பிம்பிள்ஸ், அதாவது மேலே நீளமான முனைகள் நிற்கும் ரப்பர், போட்ட யாராவது ஒருவரிடம் உங்கள் பிள்ளை மாட்டும். கட் போட்டால் கட் திரும்பி வராது, பந்து வழுக்கிக்கொண்டு, அல்லது டாப் ஸ்பின்னாகவே வரும். பெற்றோர்கள் "இது ஏமாத்து" என்பார்கள். அப்படிப் பேச விடாதீர்கள். இந்த விளையாட்டின் சரித்திரமே அப்படிப்பட்டது. 1952ல் பம்பாயில் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தபோது ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ ஸ்பாஞ்ச் ஒட்டிய பேட்டோடு வந்தார், பந்து சத்தமே இல்லாமல் வந்தது, அதுவரை கட்டை ரப்பர்ச் சத்தத்தைக் கேட்டு ஆடிய பெரிய ஆட்டக்காரர்கள் திணறினார்கள், பட்டம் அவருக்கு. 2024 பிப்ரவரியில் பூசானில் உலக அணிகள் போட்டியில் நம்முடைய அய்ஹிகா முகர்ஜி, அப்போது உலகின் முதலிடத்தில் இருந்த சீனாவின் சுன் யிங்ஷாவை வென்றார். அவர் பேட்டின் ஒரு பக்கம் ஆன்டி ஸ்பின் ரப்பர், சுழலைப் பிடிக்காமல் வழுக்கவிடும் வகை. மணிகா பத்ராவின் பேக்ஹேண்டில் இருப்பதும் பிம்பிள்ஸ்தான். அந்த ரப்பரை ஆளக் கற்றுக்கொள்வதும் பெரிய வித்தை.

மேட்ச் தொடங்கும் முன் எதிராளியின் பேட்டை வாங்கிப் பார்க்க விதியிலேயே இடம் இருக்கிறது. பிள்ளைகள் கூச்சப்பட்டுக்கொண்டு கேட்க மாட்டார்கள். கேட்கச் சொல்லுங்கள், இரண்டு பக்கத்தையும் விரலால் தொட்டுப் பார்க்கவும், எந்த நிறம் எந்த ரப்பர் என்று நினைவில் வைக்கவும் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் வேறு வேறு நிறம் இருப்பதே அதற்காகத்தான். ஒரு பழைய பேட்டில் ஒரு பக்கம் லாங் பிம்பிள்ஸ் ஒட்டி ஹாலிலேயே வைத்துவிட்டால் வாரம் ஒரு நாள் எல்லாரும் அதோடு ஆடிப் பார்க்கலாம், பயம் போய்விடும்.

மேட்ச் நாள்

ஹாலில் பழகாத சின்னச் சின்ன விஷயங்கள் அங்கே தடுமாற வைக்கும். வெள்ளைப் பந்து என்றால் வெள்ளைச் சட்டை கூடாது. துண்டு எடுத்துப் போகட்டும், ஆறு பாயிண்டுக்கு ஒரு தடவை துடைத்துக்கொள்ளலாம். பந்து நெட்டில் பட்டோ டேபிள் ஓரத்தில் பட்டோ அதிர்ஷ்டத்தில் பாயிண்ட் கிடைத்தால் கையை லேசாக உயர்த்தி வருத்தம் தெரிவிப்பது இந்த விளையாட்டின் மரபு, அது எந்த விதிப்புத்தகத்தில் இருக்கிறது என்று தேட வேண்டாம், ஹாலிலேயே பழக்கிவிடுங்கள். எட்ஜ் பந்தை எதிராளி பார்க்கவில்லை, தனக்குத் தெரியும் என்றால் தானே சொல்லிவிடும் பிள்ளையை நான் எல்லார் முன்னாலும் பாராட்டுவேன், ஜெயித்த பிள்ளையைவிட அதிகமாக.

2016லிருந்து பாயிண்ட்களுக்கு நடுவிலும் கோச் பேசலாம், ராலி நடக்கும்போதுதான் கூடாது. பேசலாம் என்பதற்காகப் பேசிக்கொண்டே இருக்காதீர்கள். செட்டுக்கு நடுவில் ஒரு நிமிஷம், டைம் அவுட் மேட்சுக்கு ஒன்று, அதுவும் ஒரு நிமிஷம். அதில் பாதி, பிள்ளை தண்ணீர் குடித்து மூச்சு வாங்குவதற்குப் போய்விடும். நான் இரண்டே விஷயம் சொல்வேன்: அடுத்த இரண்டு சர்வீஸ் என்ன போடுவது, அவங்க சர்வீஸ் எது கஷ்டமாக இருக்கிறது. "நல்லா ஆடு", "ஃபோகஸ்" எல்லாம் அந்த வயதுக்கு ஒன்றும் சொல்லாது. "கட் ஒண்ணு, அப்புறம் சும்மா ஒண்ணு" என்றால் தலையாட்டிவிட்டுப் போய் அதைச் செய்யும்.

பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வேண்டும் என்றால் நம் ஊரிலேயே இருக்கிறது. சென்னையின் சரத் கமல், அப்பா ஸ்ரீனிவாச ராவும் சித்தப்பா முரளிதர ராவும் கோச்சுகளாக இருந்த வீட்டில் வளர்ந்தவர். 2006ல் மெல்போர்னில் காமன்வெல்த் ஒற்றையர் தங்கம், மறுபடி 2022ல் பர்மிங்ஹாமில், நாற்பது வயதில் அதே தங்கம். இந்தப் பதினாறு வருஷத்தில் வேகத்தைக் கூட்டும் ஸ்பீடு க்ளூ என்ற ரப்பர் பசை போனது, பந்து செல்லுலாய்டிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறியது, பந்தின் சுழலே குறைந்தது. ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பழகினார். பர்மிங்ஹாமில் அதே ஒற்றையரில் வெண்கலம் வாங்கிய சத்தியனும் சென்னைக்காரர்தான், எஸ். ராமனிடம் பயின்றவர், 2019ல் உலகத் தரவரிசையில் 24ஆம் இடத்துக்குப் போனார். அவர் வீடியோவைப் போட்டுக் காட்டும்போது ஸ்மாஷை நிறுத்திக் காட்டாதீர்கள். எதிராளி சர்வீஸ் போடும் நொடியில் நிறுத்தி, "இது கட்டா சும்மாவா, சொல்லு" என்று கேளுங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அப்புறம் ஓடவிட்டு யார் சொன்னது சரி என்று பாருங்கள், ஒரு பத்து சர்வீஸுக்கு.

மேட்ச் முடிந்து வரும் பிள்ளையிடம் ஸ்கோரைக் கேட்பதற்கு அப்பா அம்மா இருக்கிறார்கள். நீங்கள் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒவ்வொரு மேட்சுக்கும் ஒரு வரி போதும்: எந்த சர்வீஸ் புரியவில்லை. "இடதுகைப் பையன், பேட்டைக் கீழேயிருந்து மேலே இழுத்தான், பந்து என் பக்கம் வந்து வெளியே ஓடிச்சு" என்று பிள்ளை தன் வார்த்தையில் சொல்லும், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை மாலை அதே சர்வீஸை நீங்கள் போடுங்கள், பேட்டை அசைக்காமல் பத்து பந்து வாங்கச் சொல்லி, எங்கே போகிறது என்று அந்தப் பிள்ளையையே பார்க்கவிடுங்கள்.